மேட்டுக் கழனி எல்லம்மா

எல்லம்மாவின் கைகள் புங்கந்தழையை உருவிக்கொண்டிருந்தன. கிளையின் நுனியை இடது கையால் பிடித்து, வலது கையை அடிவரை ஒரே இழுப்பாக இழுப்பாள். இலையெல்லாம் கையோடு வந்துவிடும். குச்சி ஒரு பக்கம், தழை ஒரு பக்கம். நடவுக்கு முன் எருவாகக் கழனிச் சேற்றில் போடுகிற தழை அது. குச்சியோடு போட்டால் மிதிக்கிறவர்கள் காலில் குத்தும் என்பதால் இந்த வேலை. கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தாள். கட்டிலில் அவள் புருஷன் தேசப்பனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே இருந்த படுக்கைப் புண்ணை நான் கழுவிக்கொண்டிருந்தேன். "பிடி" என்றால் எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, அவர் தோளைப் பிடித்துக்கொள்வாள். "விடு" என்றால் மறுபடியும் தழை.

அழவில்லை. அவள் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அது அதற்குப் பத்து வருஷம் முன்னால்.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊர் அது. அங்கே துணை சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாகப் போனபோது எனக்கு வயது முப்பது. இன்றைக்கு அந்தப் பக்கம் தொழிற்பேட்டை வந்து, விடிந்தால் ரயிலிலும் பஸ்ஸிலும் ஆட்கள் வேலைக்கு வந்து இறங்குகிறார்கள். அப்போது ஏரி, நெல், சிவப்பு மண், சில செங்கல் சூளைகள். அவ்வளவுதான்.

எல்லம்மா வீட்டுக்கு ஒரே பெண். தேசப்பன் திருப்பாச்சூர்ப் பக்கத்திலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். மாமனார் சோற்றைத் தின்கிறோம் என்கிற நினைப்பு சில ஆண்களை முரடாக்கும். இவரை ஓயாமல் உழைக்க வைத்தது. மாமனார் செத்த பிறகு எல்லம்மாவுக்கு வந்தது ஒன்றரை ஏக்கர் கழனி. ஊரில் அதற்கு மேட்டுக் கழனி என்று பெயர். சுற்றியிருந்த கழனிகளைவிட முழங்கால் உயரத்துக்கு அது மேடாக இருந்தது. நன்றாக விளையும். ஆனால் ஏரித் தண்ணீர் அதன் மேல் தானாக ஏறாது. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரை இறைகூடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். கூடையின் இரண்டு பக்கமும் கயிறு. புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம் நின்று, குனிந்து மொண்டு, நிமிர்ந்து வீச வேண்டும். காலையில் ஆரம்பித்தால் வெயில் உச்சிக்கு வரும்வரை குனிந்து நிமிர வேண்டும்.

முதல் குழந்தை மணியம்மாள் எப்படியோ தங்கிவிட்டாள். இரண்டாவது, அறுபத்து நான்கில், ஆறாம் மாதத்தில் போய்விட்டது. கூடை வீசிக்கொண்டிருந்தவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வண்டியில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்கள். ஆண் குழந்தை. அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. தேசப்பன் வெளியே நின்றிருந்தார். கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு. இனிமேல் இவள் குழந்தை பெறுவது கஷ்டம் என்று நான் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"கூட எறச்சதாலயா நர்ஸம்மா?"

அதனாலும் இருக்கலாம், ரத்தம் குறைவாக இருந்ததாலும் இருக்கலாம் என்றேன். அவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. பாதியை மட்டும் கேட்பது பின்னாலும் நடந்தது. மனிதர் அப்படி.

அடுத்த கோடையில் அவர் சூளைக்கார ஆதிநாராயணனைப் போய்ப் பார்த்தார். ஆதிநாராயணன் கெட்டவர் இல்லை. செங்கல்லுக்கு மண் வேண்டும். மேடான கழனி வைத்திருக்கிறவர்கள் மேல்மண்ணை அவருக்குக் கொடுப்பார்கள். கழனி இறங்கும், தண்ணீர் தானாக ஏறும். இரண்டு பேருக்கும் லாபம் என்று அந்தப் பக்கத்தில் பலரும் செய்துகொண்டிருந்த காரியம் அது. மேட்டுக் கழனி மண்ணில் மணல் கலப்பு கம்மி, கறுப்பாக வழவழவென்று இருக்கும், கல் நன்றாக அமையும் என்று அவர் சொன்னாராம். தேசப்பனுக்கு அது பெருமையாகவும் இருந்தது.

எல்லம்மா தடுக்கவில்லை. வண்டி வண்டியாக மண் போனபோது வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இறைகூடை வெறுத்துப் போயிருந்தது. முழங்கால் ஆழத்துக்கு வெட்டினார்கள். கழனி பக்கத்துக் கழனிகளுக்குச் சமமாக இறங்கியது. ஆவணியில் மதகு திறந்தபோது தண்ணீர் வாய்க்காலிலிருந்து தானாக, யாரும் தொடாமல், உள்ளே ஓடியது. எல்லம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாளாம். தேசப்பன் இறைகூடையை வீட்டுக் கொல்லையில் போட்டு எரித்தார். இதை அவரே என்னிடம் சொன்னார்.

எங்கள் துணை நிலையத்துக்கு அந்த வருஷம் புதுக்கட்டடம் கட்டினார்கள். ஆதிநாராயணன் சூளைக் கல். ஒருநாள் தேசப்பன் விரலில் அடிபட்டு வந்து பெஞ்சியில் உட்கார்ந்தவர், பூசாத சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் எங்க கழனிலதான் குந்திக்கினு கீறேன் நர்ஸம்மா." சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதல் வருஷம் பயிர் சுமார். மண் புரண்டிருக்கிறது, அடுத்த வருஷம் சரியாகும் என்றார்கள். அடுத்த வருஷம் இன்னும் மோசம். நட்ட நாற்று பச்சை பிடிக்கவில்லை. இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து நுனி கருகியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் துருப்பிடித்த ஆணி மாதிரி சிவப்பாக இருந்தது. நின்ற தண்ணீர் மேல் எண்ணெய் கொட்டினதுபோல ஒரு படலம் மிதந்தது.

அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கழனி கெட்டால் ஒரே சந்தேகம்தான்: உப்பு. கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி, கடல். உவர் பட்ட நிலத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு வைத்தியமும் எல்லோருக்கும் தெரியும்: தண்ணீர் கட்டி, கலக்கி, வடித்து, மறுபடியும் கட்டி வடிப்பது. தேசப்பன் அதைச் செய்தார். இப்போதுதான் தண்ணீருக்குக் கஷ்டமில்லையே. கட்டினார், வடித்தார், கட்டினார், வடித்தார். அதோடு சாக்கு சாக்காக சல்பேட் உரம் போட்டார். போட்டவுடன் நாலு நாள் பச்சையாகும், பிறகு பழையபடி. உப்பே இல்லாத மண்ணை உப்பென்று நினைத்துக் கழுவி, மிச்சமிருந்த சத்தையும் வாய்க்காலில் விட்டார். அந்த உரமோ மண்ணை இன்னும் புளிக்க வைக்கும். அது யாருக்கும் தெரியவில்லை.

விவசாயத்துக்கு வழி சொல்ல அரசாங்கம் அனுப்பின கிராம சேவக் ராஜமாணிக்கம் வந்தது அறுபத்து எட்டாம் வருஷம். நல்ல பிள்ளை, பொறுமையாகப் பேசுவான். எல்லம்மா கழனியிலும் பக்கத்துப் பரசுராமன் கழனியிலும் மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, பரிசோதனைக்கு அனுப்பினான். பதில் வந்ததும் இரண்டு கழனிக்காரர்களையும் வரப்புக்குக் கூப்பிட்டான். நானும் அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் போயிருந்தேன், நின்று கேட்டேன்.

உப்பு இல்லை, புளிப்பு, அதாவது அமிலம் என்றான். இந்தச் செம்மண் அடியில் இயல்பாகவே புளிப்பு. சுண்ணாம்புச் சத்து மழையில் கரைந்து போய்விட்டது. அப்படிப்பட்ட மண்ணில் தண்ணீர் நின்றால் இரும்பு கரைந்து வேரைப் பிடிக்கும். பரசுராமன் கேட்டான், ரெண்டு கழனியும் ஒட்டிக்கினுதானே இருக்கு, என் கழனி ஏன் விளையுது என்று. உங்கள் மண்ணும் புளிப்புதான், கொஞ்சம்தான் குறைவு, என்றான் ராஜமாணிக்கம். ஆனால் அதில் மக்கு இருக்கிறது. இலையும் எருவும் மக்கிக் கறுத்துப்போன சத்து, கரிமம். அது இருக்கிற மண் புளிப்பைத் தாங்கும், உரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தாலும் கல்லாகாது. இவர் மண்ணில் அது இல்லவே இல்லை.

சொல்லிவிட்டு, மண்வெட்டியை வாங்கி இரண்டு கழனிக்கும் நடுவில் இருந்த வரப்பின் பக்கவாட்டைச் செங்குத்தாக வெட்டிக் காட்டினான். வரப்பு வெட்டப்படாத பழைய மண். மேலே முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு. அதற்குக் கீழே, கத்தியால் கோடு போட்டது மாதிரி, மஞ்சளும் சிவப்புமாகச் சரளை. எல்லம்மாவின் கழனி அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

எல்லம்மா குனிந்து அந்தக் கறுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நினைவு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"எங்க நைனா கோடைக்குக் கோடை ஏரி வண்டல் அடிச்சிக்கினே இருப்பாரு. தாத்தாவும் அடிச்சாராம். அதான் மேடு."

தேசப்பன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவள் அன்றைக்கு வலி வந்து உட்கார்ந்தாளே, அதே வரப்பு. கழனி பிறக்கும்போதே மேடாகப் பிறந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார். வெளியூரிலிருந்து வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? அந்த வீட்டில் பிறந்தவளுக்கோ அது தினமும் பார்த்துப் பழகியது, நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு தலைமுறை தலையில் சுமந்து கொட்டியதை ஒரே கோடையில் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தேசப்பன் "எங்க கழனி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அவ கழனி" என்பார்.

ராஜமாணிக்கம் வழியும் சொன்னான். புளிப்புக்குச் சுண்ணாம்பு போடலாம், ஒரே போகத்தில் குறையும். மக்கு அப்படி வராது. தழை, எரு, வண்டல், கோடையில் சணப்பு விதைத்து மடக்கி உழுவது என்று வருஷா வருஷம் செய்துகொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்பை அளவாகப் போடச் சொன்னான்.

இரண்டு மருந்து எழுதிக் கொடுத்தால், சீக்கிரம் கேட்கிற மருந்தை மட்டும் வாங்கிச் சாப்பிடுகிற நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேசப்பன் பழவேற்காட்டுக்குப் போய், கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு விற்கிற கலியன் என்ற மீன்காரரிடம் சொல்லிவைத்தார். கலியன் வண்டி மேல் வண்டியாகக் கொண்டுவந்தார். சொன்ன அளவைப்போல மூன்று மடங்கு. கழனி வெள்ளைவெளேரென்று ஆனது. ஊர் சிரித்தது.

"தேசப்பண்ணா, சுண்ணாம்பு தடவிட்ட. வெத்தல பாக்கு எங்க?" என்றான் பரசுராமன்.

"உன் கழனிலேர்ந்து கிள்ளிக்கிறேன் போடா" என்றார் இவர்.

புளிப்பு போனது உண்மை. அந்தப் போகம் கொஞ்சம் விளைந்ததும் உண்மை. அடுத்த போகத்தில் பயிர் வெளுத்து நின்றது. மிஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச மக்கையும் அத்தனை சுண்ணாம்பு தின்று தீர்த்துவிட்டது. மண் வெயிலில் ஓடு மாதிரி வெடித்தது, மழையில் பால் மாதிரி கரைந்தது. அதற்கும் சுண்ணாம்பு போதவில்லை என்று நினைத்து, எழுபதாம் வருஷம் மறுபடியும் கலியனை வரச்சொன்னார். மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்து, இடது கையும் காலும் விழுந்து, சுண்ணாம்பின் மேலேயே சாய்ந்தார். கலியன்தான் தூக்கி வண்டியில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். கண் இமை, மூக்கு எல்லாம் வெள்ளை. முதலில் நான் செய்த வேலை தேங்காயெண்ணெய் தொட்டு அவர் முகத்தைத் துடைத்தது.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். பேச்சு கொஞ்சம் குழறும், அறிவு தெளிவு. எழுந்து உட்கார முடியாது. அப்படியே நாலு வருஷம்.

எல்லம்மா அப்போதுதான் கழனியைத் தன் கையில் எடுத்தாள். சுண்ணாம்பை நிறுத்தினாள். ராஜமாணிக்கம் சொன்ன இரண்டாம் பாதியை ஆரம்பித்தாள். கோடையில் ஏரியிலிருந்து வண்டலைக் கூடையில் சுமந்தாள். சாணத்தை வறட்டி தட்டி விற்காமல் குழியில் போட்டாள். சணப்பு விதைத்து, பூப்பூக்கும்போது மடக்கி உழச்சொன்னாள். நடவுக்கு முன்னால் கிடைத்த மரத்திலெல்லாம் தழை வெட்டினாள். விடிகாலையில் புருஷனைக் கழுவித் துடைத்து, கஞ்சி கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவாள், வெயில் ஏறினதும் வந்து புரட்டுவாள், மறுபடியும் போவாள். மகள் மணியம்மாளை எளாவூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வந்து ஒருநாள், "கழனிய யார்கிட்டயாவது குடுத்துட்டு எங்க ஊட்டாண்ட வந்துடும்மா" என்றாள். எல்லம்மா, "உங்கப்பன் கேப்பாரு" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கேட்டார். அதுதான் விஷயம். ஒவ்வொரு வருஷமும் நடவுக்குச் சேறு கலக்குமுன் ஒரு பிடி மண்ணைக் கொண்டுவரச் சொல்வார். வலது கையில் வாங்கி, மூக்கண்டை வைத்து முகருவார். நல்ல மண்ணுக்கு முதல் மழையில் ஒரு வாசனை உண்டு, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது மக்கின் வாசனை. அவள் கொண்டுவருகிற மண்ணில் முதல் வருஷம் இரும்பு வாசனைதான் வந்தது. அவர் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷம், "அடுத்த போகம் பாக்கலாம்" என்றார். அவள் கழனிக்கு மண் திரும்பி வந்துவிட்டது என்று தெரியாமல் அவருக்குச் சாக மனமில்லை. வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த உடம்பு அத்தனை நாள் தாங்கினதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் ஒன்று கவனித்திருந்தேன். ஆழமான படுக்கைப் புண் மேலிருந்து மூடாது. அடியிலிருந்து சதை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து மேலே வர வேண்டும். நாம் செய்யக்கூடியது கழுவுவதும், காயாமல் வைப்பதும், நல்ல சாப்பாடு கொடுப்பதும்தான். அவசரப்பட்டு மேலே மூடினால் உள்ளே அழுகும். எல்லம்மா கழனியிலும் கட்டிலிலும் ஒரே வேலையைத்தான் செய்தாள். கழனியில் விரற்கடை அளவு கறுப்பு சேர்ந்திருந்தது. கட்டிலில் புண் ஆழமாகிக்கொண்டே போனது.

எழுபத்து நாலு ஆவணியில், நான் முதலில் சொன்ன அந்தத் தழை உருவின நாளில், கட்டு கட்டிவிட்டு வெளியே வந்தபோது அவள் என் பின்னாலேயே வந்தாள்.

"நடவு வரைக்கும் தாங்குவாரா?"

தாங்கமாட்டார் என்றேன். காய்ச்சல் இறங்கவில்லை, புண் எலும்பைத் தொட்டுவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் பூசி மெழுகுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

அவள் தலையாட்டினாள். கையில் இருந்த தழையைக் கீழே போடவில்லை. "கழனி இன்னும் வரல நர்ஸம்மா. இன்னும் நாலஞ்சி வருசம் ஆவும்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நான் போனபோது ஓர் அலுமினியக் கிண்ணத்தில் மண் கொண்டுவந்தாள். முதல் நாள் மழை பெய்திருந்தது. மண் கறுப்பு, ஈரம், உதிரி உதிரியாக இருந்தது. எனக்கே வாசனை வந்தது. "இந்தாய்யா, நம்ம கழனி மண்ணு" என்று அவர் கையில் வைத்தாள். அவர் மூக்கண்டை கொண்டுபோனார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"வந்துடுச்சிமே" என்றார்.

"வந்துடுச்சி" என்றாள் அவள். கிண்ணத்தைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு பக்கம் இழுத்த வாயில் ஒரு சிரிப்பு.

"இது பரசுராமன் கழனி மண்ணு, நர்ஸம்மா."

எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். "ஆட்டுக்கெட போட்ட வாசன. அவ கழனில என்னிக்கி ஆடு படுத்துது?" மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் பேசினார். "அவளாண்ட சொல்லாத. சந்தோசமாக் குடுத்தா." பிறகு கொஞ்சம் யோசித்து, "நான் போனப்பறம் சொல்லு. எட்த்த எடத்துலயே போட்டுடச் சொல்லு. ஊரான் கழனிலேர்ந்து மண்ணு எடுக்கக் கூடாது. நான் எட்த்தது போதும்."

அவள் செம்பில் தண்ணீரோடு வந்தாள். அவர் இரண்டு மடக்கு குடித்தார்.

அதற்கு மூன்றாம் நாள் விடிந்ததும் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லம்மா அவரைக் குளிப்பாட்டியிருந்தாள். புண்ணுக்குப் புதுக்கட்டு கட்டியிருந்தாள். கட்டு சரியாகத்தான் இருந்தது. மணியம்மாள் எளாவூரிலிருந்து லாரியில் ஏறி வந்து சேர்ந்து, அழுது ஓய்ந்தாள். சாயங்காலத்துக்குள் ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் வழக்கம் புதைப்பது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். இடுகாட்டில் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள் என்று பரசுராமன் வந்து சொன்னான். முதல் பிடி நான் போட்டேன் அண்ணி, என்றான். கலியன் விஷயம் தெரிந்து, பழவேற்காட்டிலிருந்து வந்து, வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கூட்டம் குறைந்தது. எல்லம்மா கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தாள். அந்த இடத்தில் கிண்ணம் மட்டும் தரையில் இருந்தது. மண் காய்ந்து போயிருந்தது. நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு அவர் சொன்னதைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரு கை சுவரில் ஊன்றியிருந்தது.

"சொல்றப்ப சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

"வாயி ஒரு பக்கமா?"

"ஆமாம்."

மகள் கூப்பிட்டாள், உள்ளே போனாள். நான் தங்கியிருந்த கும்மிடிப்பூண்டிக்குக் கடைசி பஸ் போய்விட்டதால் அன்றைக்கு நான் அங்கேயே தங்கினேன். பக்கத்தில் படுத்திருந்தவள் தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது.

மறுநாள் காலையில், ஆண்கள் பால் தெளிக்கப் புறப்படுவதற்கு முன்பே, எல்லம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். புருஷன் போன மறுநாள் பெண்சாதி வாசலைத் தாண்டக்கூடாது என்று உறவுக்காரி ஒருத்தி வழியை மறித்தாள். எல்லம்மா அவளைச் சுற்றிக்கொண்டு போனாள். தனியாக விட எனக்கு மனமில்லை, பின்னாலேயே போனேன். அவள் உருவி வைத்திருந்த தழைக்கட்டு வீட்டு ஓரத்தில் கிடந்தது. அதையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

பரசுராமன் கழனியில் வரப்போரமாக ஒரு பிடி அளவுக்குப் பள்ளம் இருந்தது. அவள் விரல் பட்ட தடம்கூட அழியவில்லை. உட்கார்ந்து, கிண்ணத்தை அதில் கவிழ்த்து, விரலால் வழித்துப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தினாள். சமமாகிவிட்டதா என்று ஒருமுறை தடவிப் பார்த்தாள். தூரத்தில் பரசுராமன் பால்சொம்போடு வந்துகொண்டிருந்தவன் இதைப் பார்த்துவிட்டு நின்றான். அப்படியே திரும்பி வேறு வழியாகப் போனான்.

எல்லம்மா வாய்க்காலில் கிண்ணத்தையும் கையையும் கழுவினாள். பிறகு தன் கழனியில் இறங்கினாள். தழை இன்னொரு நாள் கிடந்தால் காய்ந்து வீணாகிவிடும். கட்டைப் பிரித்து, சேற்றில் பரப்பி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தாள்.